பழைய ஆங்கிலக் கால்பந்து வீரர் ஒருவரின் ஆட்டக் கணக்கைத் திரட்டுவது எப்படி?

பெரிய நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்க எவ்வளவோ இருக்கிறது. எனக்குப் பிடித்தவர்கள் வேறு: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் டிவிஷன்களில் ஆடி ஓய்ந்தவர்கள். அப்படி ஒருவரைத் தேடும்போது கோல்களை எண்ணத் தொடங்காதீர்கள். எந்த சீசனில் அவர் காணாமல் போகிறார் என்று முதலில் பாருங்கள்.

சீசன் வாரியாக அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். லீக் (இந்த டிவிஷன்களை நடத்திய ஃபுட்பால் லீக்) கணக்கு 1946–47ல் தொடங்கும்; போர்க்கால லீக் ஆட்டங்கள் சேராது. ஆனால் 1945–46 எஃப்.ஏ. கோப்பை (லீக்கிலிருந்து தனியான நாக்-அவுட் போட்டி) ஆட்டங்கள் சேரும். 1958ல் மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்குப் பிரிவுகளைக் கலைத்து மூன்று, நான்கு என்று ஆக்கினார்கள். அந்த வருஷம் நான்காவதில் தெரிபவரை 'தரமிறங்கினார்' என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய கிளப் பழைய பிரிவில் கீழ்ப்பாதியில் முடித்தது, அவ்வளவுதான்.

சரி, இடைவெளிகளுக்கு வருவோம். 1950களில் 18, 19 வயதுப் பையன் ஆடவே இல்லையென்றால் அநேகமாகக் கட்டாய ராணுவச் சேவை. 26 வயதில் மறைந்தால் கதை வேறு. அந்தக் காலத்தில் சீசன் முடிவில் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று ஒவ்வொரு கிளப்பும் பட்டியல் போடும். வைத்துக்கொண்ட ஆள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் சம்பளம் கிடையாது; வேறு லீக் கிளப்புக்கும் போக முடியாது. என்னைக் கேட்டால் பச்சை அநியாயம். 1963ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. அதுவரை மூடியிருந்தது லீக் கிளப்புகளின் கதவுதான்; ஆகவே உங்கள் ஆளை, ஃபுட்பால் லீக்குக்கு வெளியே இருந்த சதர்ன் லீக் போன்ற லீக்குகளிலும் தேடுங்கள்.

அந்தப் பட்டியல்கள் உள்ளூர்ப் பத்திரிகையில் கிடைக்கும். அப்போது பல ஊர்களில் சனிக்கிழமை மாலையே பச்சை அல்லது இளஞ்சிவப்புத் தாளில் விளையாட்டுப் பதிப்பு வந்தது. ஆட்ட விவரத்துக்கு அதுதான் புதையல். 1965க்கு முன் லீக்கில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது என்பதால், களமிறங்கிய பதினொருவரோடு கணக்கு முடிந்தது.

சம்பளத்தில் கவனம். வாரத்துக்கு 12 பவுண்டு (1947), 20 பவுண்டு (1958) என்பதெல்லாம் உச்சவரம்பு. 1961ல் அதை நீக்கினார்கள். கீழ் டிவிஷனில் எல்லோருக்கும் அந்த உச்சத் தொகை கிடைத்ததாக எழுத வேண்டாம்.

அப்புறம் அக்ரிங்டன் ஸ்டான்லி. 1962 மார்ச்சில், சீசன் நடுவிலேயே அந்த கிளப் லீக்கை விட்டு விலகியது. அந்த சீசனில் அது அதுவரை ஆடிய ஆட்டங்களைக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டார்கள். எதிரணிக்காரர் அடித்த கோலும் போச்சு. பத்திரிகையில் இருக்கும், புள்ளிவிவரப் புத்தகத்தில் இருக்காது. அவற்றை நான் பென்சிலால் தனியாகக் குறித்துக்கொள்வேன், மொத்தத்தில் கூட்டுவதில்லை.