ஏலகிரி இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் கார்

பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆட்டோமேட்டிக் காரை ‘டி’யிலேயே (கியரைக் கார் தானே மாற்றும் நிலை) விட்டு இறங்கினால், பிரேக்கை ஓயாமல் மிதிக்க நேரிட்டு, அடிவாரத்தை எட்டுவதற்குள் சக்கரத்தருகே கருகிய வாடை எழக்கூடும். இறக்கம் தொடங்கும் முன்பே லீவரை ‘எம்’ (கியரை நாமே மாற்றும் நிலை) பக்கம் தள்ளி 2-ஆம் கியருக்குக் குறைத்துக்கொண்டால், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இரைச்சல் கூடினாலும், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அஞ்ச வேண்டியதில்லை. கியரைக் குறைக்க லீவரை முன்னே தள்ளுவதா, பின்னே இழுப்பதா என்பது காருக்குக் கார் மாறுபடுவதால் (எனக்கே ஒருமுறை கை தடுமாறியது), வேலூரின் சமதளச் சாலையிலேயே பழகிக்கொள்வது நல்லது. எஞ்சின் பிடிப்பில் பிரேக் விளக்கு எரியாது என்பதால், பின்னால் பேருந்து நெருங்கினால் பெடலை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். நியூட்ரலில் உருட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.