காமிக்ஸுக்குத் திரும்ப வருகிறீர்களா? லக்கி லூக்கில் ஆரம்பியுங்கள்

சின்ன வயதில் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்று படித்துத் தள்ளிவிட்டு, இப்போது மறுபடி தொடங்க நினைப்பவர்கள் நேராக அந்தக் காலத்துச் சாகச நாயகன் இரும்புக்கை மாயாவியைத்தான் தேடுவார்கள். வேண்டாம் என்பேன். ஏக்கத்துக்கு அது சரி, ஆனால் இன்று படிக்கும்போது கதை கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும்.

லக்கி லூக்கை எடுங்கள். பெல்ஜியக்காரர் மோரிஸ் 1946-ல் உருவாக்கிய கௌபாய். 1955 முதல் கோசினி கதை எழுத வந்த பிறகு நகைச்சுவை இன்னும் கூர்மையானது. பெரும்பாலும் ஒரே ஆல்பத்தில், அதாவது ஒரே புத்தகத்தில், கதை முடிந்துவிடும், முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொள்ளைக்கார டால்டன் சகோதரர்கள் வரும் கதை கிடைத்தால் விடாதீர்கள். நால்வரையும் உயர வரிசையில் நிறுத்தினால் குட்டையன் ஜோவுக்குத்தான் கோபம் அதிகம்; நெட்டையன் அவெரலுக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்பு! வசனத்தை மட்டும் ஓட்டிவிடாமல், குதிரை ஜாலி ஜம்பரின் முகத்தையும் பாருங்கள். பாதி சிரிப்பு அதில்தான் இருக்கிறது.

இன்னொரு கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் அடுத்த கட்டம். நீளமான கதைகள் என்பதால் விடுமுறை நாளில் எடுத்தால்தான் சரிப்படும். அதே கௌபாய் உலகின் மற்றொரு நாயகன் கேப்டன் டைகரின் சாகசங்கள் பல பாகங்களாக நீள்பவை. வாங்குமுன் எல்லாப் பாகமும் கையில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.