மண்ணில் கிடைத்த பட்டாளத்துப் பொத்தானை வாசிப்பது எப்படி

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நம்முடையது. பச்சைக் களிம்பு ஏறிய பொத்தான் ஒன்று மண்ணிலிருந்து வெளிவந்தால் அந்தக் கை சும்மா இருக்காது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மெட்டல் டிடெக்டரோடு நான் நடக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் அதைத்தான் செய்தேன். புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். களிம்போடு, ஓர் அதிகாரியின் மேலங்கியில் மின்னிய தங்க முலாமும் போய்விட்டது. அந்தப் பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் வலிக்கிறது. தயவுசெய்து கழுவாதீர்கள். நிழலில் காயவிட்டு, பல்குச்சியால் மண்ணை மெல்ல நெருடி எடுங்கள். அது போதும்.

நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் வயலில் கால் வைக்கவே கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களுக்கு டிடெக்டரைக் கொண்டு போகக் கூடாது. இந்த இரண்டிலும் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

எல்லோரும் முகப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பேன். ஒரே தகடாக, நடுவில் ஒரு கம்பி வளையத்தோடு இருந்தால் பழையது என்று நினைக்கலாம். முன் தகட்டின் விளிம்பைப் பின் தகட்டின் மேல் மடித்துச் சேர்த்திருந்தால், அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ செய்தது. அடுத்து எழுத்துகளைத் தேடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழல் கட்டி எழுந்துவரும். ‘ட்ரெபிள் கில்ட்’ (மும்மடங்கு முலாம்) போன்ற தரச் சொற்கள் மட்டும் இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியை நினைத்துக்கொள்ளுங்கள்; முலாம் பூசிய பொத்தான்களின் தரத்துக்கென்று 1796இல் அங்கே ஒரு சட்டமே வந்தது. தயாரிப்பாளர் பெயரோடு ‘லிமிடெட்’ என்று இருந்தால், அது 1855க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. ‘பட்டன்ஸ் லிமிடெட், பர்மிங்காம்’ என்றால் 20ஆம் நூற்றாண்டுதான்.

இனி முகப்பு. பிரிட்டிஷ் காலாட்படைப் பொத்தான்களில் ரெஜிமெண்ட் எண், அதாவது படைப்பிரிவின் எண், 1767 ஆணைக்குப் பிறகே வந்தது. சாதாரணச் சிப்பாய்க்குப் பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பைக் கையாண்டவர்களுக்கு அந்த மங்கிய வெண்மை உடனே பிடிபடும். 1855இல் பியூட்டர் போய்ப் பித்தளை வந்தது. 1871இல் சிப்பாய்களின் ரெஜிமெண்ட் பொத்தானே போய், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச இலச்சினை கொண்ட பொதுப் பொத்தான் வந்தது. உழுத வயல்களில் அதிகம் கிடைப்பது அதுதான். 1881இல் அதிகாரிகளின் பொத்தான்களிலும் ரெஜிமெண்ட் எண்கள் மறைந்து மாவட்டப் பெயர்கள் வந்தன.

என் மேசையில் இப்போது ஒன்று இருக்கிறது. சாம்பல் பூத்த வட்டம். விளிம்பில் கலப்பை முனை பட்ட ஒரு வடு. பின்னால் இரும்பு வளையம் துருவாகி உதிர்ந்து, ஒரு செம்புள்ளி மட்டும் மிச்சம். முகப்பில் 50. பியூட்டர், எண் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1767க்கும் 1855க்கும் இடைப்பட்டது. இந்த 50ஆவது ரெஜிமெண்ட் மேற்கு கென்ட்டுக்கு உரியது. கறுப்புக் கைமடிப்பால் வியர்வையைத் துடைத்து, சாயம் முகத்தில் ஒட்டிக்கொண்டதால் ‘அழுக்கு அரைநூறு’ என்று பெயர் வாங்கியவர்கள்.

எண் இல்லாமல் கிரீடம் மட்டும் இருந்தால் அதன் வளைவுகளைப் பாருங்கள். நடுவில் பள்ளமில்லாமல் குவிந்து எழுந்தால், 1901 முதல் 1952 வரையிலான அரசர்களின் காலம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். நடுவில் தாழ்ந்திருந்தால் விக்டோரியாவா, இரண்டாம் எலிசபெத்தா என்ற குழப்பம் வரும். எடை பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்: இறகாய்க் கனமற்ற, பொன்னிற அலுமினியம் என்றால் எலிசபெத் காலம். கடற்படையின் நங்கூரத்துக்கு மேல் கிரீடம் ஏறியது 1812இல். கிரீடமில்லாத நங்கூரம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் கிரீடம் கண்டதும் பட்டாளம் என்று முடிவு கட்ட வேண்டாம், காவல்துறையும் சுங்கத்துறையும் அதை அணிந்தன. கிரீடமோ எண்ணோ இல்லாமல் ஒரு விலங்கின் தலை மட்டும் இருந்தால், அநேகமாக ஒரு பிரபு வீட்டுப் பணியாளின் சீருடைப் பொத்தான்.

ஒரு எச்சரிக்கை. கென்ட்டின் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்புச் சேர்க்கும் கொடி) தோட்டங்களுக்குக் கம்பளிக் கழிவை உரமாக இட்டார்கள். பழைய சீருடைகளும் கந்தலோடு கந்தலாக வந்து சேர்ந்திருக்கலாம். ஆகவே பொத்தான் கிடைத்த இடத்தில் பாசறை இருந்தது என்று சொல்வதற்கு முன் சுற்றிலும் தேடுங்கள். ஈயக் குண்டுகள், கொக்கிகள், இன்னும் சில பொத்தான்கள் ஒரே திட்டில் கிடைத்தால் அப்போது பேசலாம். என் 50 தனியாகத்தான் கிடைத்தது. அதன் உறையில் வயல், ஆழம், தேதி மூன்றையும் எழுதி, ‘தனியாக’ என்பதையும் சேர்த்திருக்கிறேன்.