பயத்தில் இருப்பவரோடு ஜெபிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மூணாறு தேயிலை எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆகஸ்ட் மழை பிடித்துக்கொண்டால் இப்போதும் பலருக்குத் தூக்கம் வருவதில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனதிலிருந்து அப்படித்தான். அந்த வீடுகளுக்கு ஜெபிக்கப் போகும் எங்கள் வாலிபர்கள், நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். போனை அணைத்து வைப்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

“விசுவாசம் இருந்தால் ஏன் பயம்?”

இதை யார் கேட்டாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நானே கேட்டிருக்கிறேன். அடுத்த வருஷ மழையில் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கதவோரம் ஒரு பை கட்டி வைத்திருந்தார். “கர்த்தர் மேல நம்பிக்கை இருந்தா இந்தப் பை எதுக்குக்கா?” என்றேன். அக்கா பதில் சொல்லாமல் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அப்புறமும் கூட்டத்துக்கு வந்தார், பாடினார்; பயத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. இரண்டு மழைக்காலம் தனியாகவே விழித்துக் கிடந்திருக்கிறார்.

பயப்படுகிறவருக்கும் விசுவாசம் இருக்கும். ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்கிறது 56ஆம் சங்கீதம். பயம் போன பிறகு நம்புவேன் என்று அதில் இல்லை. மாற்கு 4ஆம் அதிகாரத்தில், படகில் சீஷர்கள் புயலுக்குப் பயந்து அலறும்போது, இயேசு முதலில் காற்றை அதட்டுகிறார், அப்புறம்தான் ஏன் பயந்தீர்கள் என்று கேட்கிறார். நாம் மழை கொட்டும்போதே கேள்வியைத் தொடங்கிவிடுகிறோம்.

பிறகு ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா பையை இழுத்துத் திறந்து காட்டினார். ரேஷன் கார்டு, மகளின் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட், டார்ச். எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய வேதாகமம்.

“ஒண்ணும் ஆகாது”

அப்படி வாக்குக் கொடுக்க நாம் யார்? ஏசாயா 41:10 சொல்வது ‘நான் உன்னுடனே இருக்கிறேன்’ என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு நீங்களும் கொஞ்ச நேரம் கூடவே உட்காருங்கள்.

நீண்ட ஜெபம்

வேண்டாம். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும். கொஞ்சம் கஞ்சி வைத்துக் கொடுங்கள், தூங்கவிடுங்கள்.

ரெட் அலர்ட் (கனமழை எச்சரிக்கை) வந்தால்

பையை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்புங்கள். நிவாரண கேம்பிலும் ஜெபிக்கலாம்.