காவல் நிலையம், மாநகராட்சி ஆவணங்களை ஆர்டிஐ மூலம் கேட்பது எப்படி?

பல ஆர்டிஐ மனுக்கள் கேள்வியிலேயே தோற்றுப்போகின்றன. "எங்கள் தெருவில் சாலை ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது?" என்று கேட்டால், "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். சட்டப்படி அதில் தவறும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் வாங்கித் தரும். இல்லாத ஒன்றை உருவாக்கியோ, விளக்கம் எழுதியோ தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கோப்பைக் கேளுங்கள். அலுவலகத்துக்குள் அதற்கு என்ன பெயரோ, அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 1: ஆவணத்தின் பெயரைப் பிடியுங்கள்

மாநகராட்சி, நகராட்சியில் எந்தச் சாலைப் பணிக்கும் ஒரு காகிதத் தொடர் இருக்கும்: மதிப்பீடு, ஒப்பந்தம், பணி ஆணை, அளவுப் புத்தகம், பில், பணி நிறைவுச் சான்று. இதில் தங்கம் அளவுப் புத்தகம்தான். அலுவலகத்தில் 'எம் புக்' என்பார்கள். பணியின் நீளம், அகலம், கனம் என்ன, யார் அளந்தார், யார் சரிபார்த்தார் என்பதெல்லாம் அதில் கையெழுத்தோடு இருக்கும். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவதே அந்த அளவை வைத்துத்தான். மேலே சொன்ன கேள்வியை இப்படி மாற்றுங்கள்:

"வார்டு எண் ___, ___ தெருவில் 01.04.2023 முதல் 31.03.2025 வரை நடந்த தார்ச்சாலைப் பணி தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்.
1. பணி மதிப்பீடும் பணி ஆணையும்.
2. அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்கள்.
3. ஒப்பந்ததாரருக்கு வழங்கிய தொகைக்கான பில்கள்.
4. குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தைக் குறிப்பிடும் ஒப்பந்தப் பக்கம்."

நான்காவதை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலம் முடியாமல் இருந்தால், ஒப்பந்ததாரர் தன் செலவில் சாலையைச் சரிசெய்ய வேண்டும்.

தெரு, தேதி, பணி என்று மனுவைக் குறுக்குவதற்குக் காரணம் உண்டு. "கடந்த பத்தாண்டுகளில் வார்டில் நடந்த எல்லாப் பணிகளும்" என்று கேட்டால், பிரிவு 7(9)-ஐக் காட்டி, கேட்ட வடிவில் தர முடியாது என்பார்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரியாதபோது, பிரிவு 2(ஜே)-இன்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. குறிப்பெடுத்துக்கொண்டு, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகல் கேட்கலாம். சாலையில் போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஏனோ பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

பக்கத்து வீட்டுக் கட்டட அனுமதி வரைபடம் போன்றவை மூன்றாம் நபர் தகவல். பிரிவு 11-இன்படி அவருக்கு அறிவிப்புப் போய், ஆட்சேபம் கேட்டு, 40 நாள் வரை ஆகலாம். தனிப்பட்ட தகவல் என்று மறுக்கும் பிரிவு 8(1)(ஜே) 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் முன்பைவிட இறுகிவிட்டது. எனவே பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் பிரிவு 8(2)-ஐ மனுவிலேயே காட்டி, விதிமீறல் என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள்.

காவல்துறையில் எதைக் கேட்பது?

எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) நகலுக்கு ஆர்டிஐ போட்டு 30 நாள் காத்திருக்காதீர்கள். எஃப்ஐஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் பிரிவு 173 அப்படிச் சொல்கிறது.

ஆர்டிஐ உதவுவது, புகார் கொடுத்தும் எஃப்ஐஆர் போடாத இடத்தில். சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தருவது) எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு இவற்றைக் கேளுங்கள்: மனு எந்த அலுவலரிடம் விசாரணைக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதைக் காட்டும் பதிவு, நிலையத்தின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் பொது நாட்குறிப்பில் அந்த நாளில் மனு பற்றிய பதிவு, விசாரணை அறிக்கை, மனு முடித்துவைக்கப்பட்டிருந்தால் அதற்கான ஆணை.

"விசாரணை நிலுவையில் உள்ளது, பிரிவு 8(1)(ஹெச்)" என்ற பதில் அடிக்கடி வரும். சாட்சி வாக்குமூலம், வழக்கு நாட்குறிப்பு ஆகியவற்றைக் கேட்டிருந்தால் அதோடு மல்லுக்கட்டுவது வீண். மற்றவற்றுக்கு, விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, தகவல் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மேல்முறையீட்டில் இதைச் சொல்லுங்கள். மறைக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் நீக்கி மீதியைத் தரச் சொல்வது பிரிவு 10.

காவல் நிலைய சிசிடிவி பதிவு என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 18 மாதம் வரை பதிவைச் சேமிக்கும் வசதி வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் "பழைய பதிவு அழிந்துவிட்டது" என்ற பதில் வரலாம். தேதி, நேரம், எந்தக் கேமரா என்று எழுதி, பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி தனிக் கடிதம் ஒன்றையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

படி 2: மனுவை எழுதி அனுப்புதல்

தனிப் படிவம் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். பெறுநர் இடத்தில் "பொதுத் தகவல் அலுவலர்" என்று போட்டு, காவல்துறைக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் அலுவலக முகவரியும், மாநகராட்சிக்குச் சம்பந்தப்பட்ட மண்டல அலுவலக முகவரியும் எழுதுங்கள். இடம் மாறிப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). "நான் இந்தியக் குடிமகன்" என்று ஒரு வரி போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. புலம்பல், குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். அவற்றுக்கு நடுவில் கேட்ட ஆவணம் தொலைந்துபோகும்.

கட்டணம் 10 ரூபாய். எளிய வழி, மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுவது. ரெவின்யூ ஸ்டாம்பையோ தபால்தலையையோ ஒட்டினால் மனு திரும்பிவிடும். இணையத்தில் போடுபவர்கள் தமிழ்நாடு அரசின் ஆர்டிஐ தளத்தில் போடுங்கள். மத்திய அரசின் தளத்தில் மாநில அலுவலகத்துக்குப் போட்டால் மனு திரும்பும், பணம் திரும்பாது.

தபாலில் அனுப்பினால் ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் மனு நகலோடு பின் அடித்து வையுங்கள். நாள் கணக்கு அதை வைத்துத்தான்.

படி 3: நாள் எண்ணுதல்

மனு சேர்ந்ததிலிருந்து 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். ஒருவரைக் காவலில் வைத்திருப்பது பற்றிய தகவல் இதில் வரும். மனுவின் தலைப்பிலேயே "பிரிவு 7(1), 48 மணி நேரம்" என்று எழுதுங்கள்.

இடையில் "இத்தனை பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டவும்" என்று கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள். அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை கணக்கில் சேராது. 30 நாள் கடந்து வரும் தகவலுக்குப் பக்கக் கட்டணமே கிடையாது, பிரிவு 7(6).

படி 4: மேல்முறையீடு

பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளுக்குள், முடிவு சொல்ல வேண்டும். அதுவும் பயன்படாவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. மனு, அனுப்பிய சான்று, வந்த பதில், முதல் மேல்முறையீடு ஆகியவற்றின் நகல்களைத் தேதி வரிசையில் இணைத்து, கேட்ட ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே "கிடைத்தது", "கிடைக்கவில்லை" என்று ஒரு பக்க அட்டவணை வையுங்கள். விசாரணையில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று தகவல் அலுவலர் மீது விதிக்கக்கூடிய பிரிவு 20 அபராதத்தையும் கோரிக்கையில் எழுதுங்கள்.