பதற்றக் கோளாறு: சிகிச்சையைக் கெடுக்கும் அவசரத் தவறுகள்

பதற்றக் கோளாறு நன்றாகக் குணமாகக்கூடியது. பேச்சு சிகிச்சையும் மருந்தும் பலன் தருகின்றன என்பதைப் பல ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அப்படியிருந்தும் பலர் "எனக்கு எதுவும் சரிப்படவில்லை" என்று பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த நிமிடப் படபடப்பு அடங்கினால் போதும் என்கிற அவசரம்தான் பெரும்பாலும் காரணம். பதற்றத்தை உடனே அடக்குகிற பல வழிகள் நாளடைவில் அதை வளர்த்துவிடும். குணப்படுத்துகிற சிகிச்சை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆரம்பத்தில் கொஞ்சம் சங்கடமும் தரும்.

இதில் அதிகம் பார்க்கிற தவறு, அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம் போன்ற, பதற்றத்தை உடனே தணிக்கும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளையே முழு சிகிச்சை என்று நினைத்துவிடுவது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சு அடங்கிவிடும், அதனால் மனம் அதையே கேட்கும். நெருக்கடியைத் தாண்டுவதற்காக 2 முதல் 4 வாரங்களுக்கு டாக்டர் இதை எழுதுவது உண்டு, அதில் தவறில்லை. சிக்கல் அப்புறம்தான். பழைய சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடல் பழகிப்போகும், அதே அளவு போதாது, விட்டால் பதற்றம் முன்பைவிட மோசமாகத் திரும்பும். இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் எச்சரிக்கைக் குறிப்பிலும் அடிமையாகும் அபாயத்தைச் சேர்க்கும்படி அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2020-இல் உத்தரவிட்டது. மதுவோடும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடும் இவை சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். நீண்ட நாள் எடுத்தவர் இதைப் படித்துப் பயந்து இன்றே நிறுத்திவிடவும் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வழக்கமாக முதலில் தரப்படுபவை வேறு மருந்துகள்: செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை, அல்லது வென்லாஃபாக்சின், டுலாக்சடின் போன்ற எஸ்என்ஆர்ஐ வகை. இரண்டு வகையும் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுபவை. இவற்றை முதல் வாரத்திலேயே தூக்கிப்போடுகிறவர்கள் ஏராளம். அந்த வாரத்தில் குமட்டும், தூக்கம் கெடும், சிலருக்குப் பதற்றமே சற்றுக் கூடும். மருந்து நோயை மோசமாக்குகிறது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பலன் தலைகாட்டவே 2 முதல் 4 வாரம் ஆகும். முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரமும் ஆகலாம். ஆரம்பத் தொல்லை அதிகமாக இருந்தால் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள். தாம்பத்திய நாட்டம் குறைவதும் இந்த மருந்துகளின் பக்கவிளைவுதான். சொல்லக் கூச்சப்பட்டு மருந்தை ரகசியமாக நிறுத்துகிறார்கள். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். எந்த வயதானாலும் அப்படி ஓர் எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

பேச்சு சிகிச்சை என்றால் ஆறுதலாகப் பேசிக் கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது மனப்பாரத்தை இறக்கும், ஆனால் பதற்றக் கோளாறுக்கு அது மட்டும் போதாது. நன்கு நிரூபிக்கப்பட்டது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பொதுவாக வாரம் ஒன்றாக 12 முதல் 16 அமர்வுகள் நடக்கும். அதன் உயிர்நாடி, பயப்படுகிற விஷயத்தைப் படிப்படியாக நேரில் சந்திப்பது. லிஃப்டுக்குப் பயப்படுகிறவர் முதலில் கதவு திறந்த லிஃப்டுக்குள் நிற்பார், பிறகு துணையோடு ஒரு மாடி, அப்புறம் தனியாக ஒரு மாடி. பயம் உச்சிக்குப் போகும்போது ஓடிவராமல் அங்கேயே நின்றால், அது தானாக இறங்குவதை உடம்பே கற்றுக்கொள்ளும்.

இந்தப் பயிற்சியைக் கெடுப்பவை சின்னச் சின்ன ஊன்றுகோல்கள். லிஃப்டுக்குள் நிற்கிறார், சரி. ஆனால் சட்டைப் பையில் மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். மாடி வந்து இறங்கியதும் மனம் என்ன கணக்குப் போடும்? "மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்." லிஃப்ட் ஆபத்தில்லை என்கிற பாடம் உள்ளே இறங்கவே இல்லை. நாடியைத் தொட்டுப் பார்ப்பது, அறிகுறியை இணையத்தில் தேடுவது, "எனக்கு ஒன்றும் ஆகாதே?" என்று வீட்டில் பத்து தரம் கேட்பது எல்லாம் இதே ரகம். அன்பால் ஒவ்வொரு முறையும் "ஒன்றும் ஆகாது" என்று சொல்கிற குடும்பத்தாரும் தெரியாமலே இந்தச் சுழலுக்குத் தீனி போடுகிறார்கள். சிகிச்சையாளரிடம் அவர்களையும் ஒருமுறை அழைத்துப்போவது நல்லது.

உடலைச் சோதிக்காமலே மனநோய் என்று முடிவுகட்டுவதும் தவறு. தைராய்டு மிகையாகச் சுரப்பது, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு எல்லாமே படபடப்பைத் தரும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும் அளவுக்கு மீறிய காபியும் தரும். முதன்முறையாக நெஞ்சுவலி வந்தால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்துச் சரியாக இருந்த பிறகும் மாதாமாதம் ஈசிஜி எடுப்பது மேலே சொன்ன ஊன்றுகோல்தான்.

மது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இரவில் தணிக்கும், மறுநாள் காலையில் பதற்றத்தைக் கூட்டித் தரும். மூலிகைதானே என்று, மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை எஸ்எஸ்ஆர்ஐயோடு சேர்ப்பதும் ஆபத்து, செரோட்டோனின் அளவு மீறிப்போகலாம்.

கடைசியாக, நன்றாக ஆனதுமே நிறுத்துவது. குணம் தெரிந்த பிறகும் 6 முதல் 12 மாதம் வரை மருந்தைத் தொடரும்படி பொதுவாகச் சொல்வார்கள். சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். பராக்சடின் என்ற எஸ்எஸ்ஆர்ஐயிலும் வென்லாஃபாக்சினிலும் இது அதிகம். விட்ட சில நாட்களிலேயே புதுப்புது தொல்லைகள் தொடங்கினால் அது பெரும்பாலும் மருந்தை விட்டதன் விளைவு. பல வாரம் கழித்துப் பழைய பயங்கள் மெல்லத் தலைகாட்டினால் நோய் திரும்புகிறது என்று சந்தேகிக்கலாம். எதுவானாலும் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். முன்பு பலன் தந்த மருந்து பலருக்கு மறுபடியும் பலன் தருகிறது. பாதியில் விட்ட லிஃப்ட் பயிற்சியையும் கதவு திறந்த நிலையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.