கர்ப்பத்தில் போதைப் பழக்கம்: மறைக்காமல் சொல்வது எப்படி?

பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். இதயத்துக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அதன்மேல் சிகரெட்டோ கொக்கைனோ சேர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கி, ரத்த அழுத்தம் எகிறும்.

முதல் பரிசோதனையிலேயே எதை, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று சொல்லிவிடுங்கள். வாய் வரவில்லையா, சீட்டில் எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுத்த ஒரு பெண்ணின் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. உங்களைத் திட்ட நான் அங்கே நிற்கவில்லை.

புகையை இன்றே விடலாம். ஆனால் தினமும் குடிப்பவர்களும் ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு எடுப்பவர்களும் தாங்களாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, அழுத்தம் 160/110ஐத் தொட்டதா? உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அப்புறம், குழந்தை பிறந்த பிறகும் சில மாதங்கள் இதையெல்லாம் கவனியுங்கள்.